இன்னும் வராத புதன்கிழமை

அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்:

அப்பா, சக்கர நாற்காலியில். பேருந்து டிப்போவில் முப்பத்தோரு வருஷம் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை நிமிஷம் தாமதமாகத் திரும்பியது என்று எழுதுவதுதான் வேலை. இப்போது அவருடைய வலது கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

அக்கா, நின்றபடி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை. வீடு இரண்டு தெரு தள்ளி.

சாவியம்மா. ஞாயிறு தவிர தினமும் காலை எட்டிலிருந்து இரண்டு மணி வரை அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர். மூன்று வீடுகளில் வேலை, மூன்று வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில். பெயர் வைத்தது அப்பா. அன்று ஞாயிறுதான், அக்கா கூப்பிட்டதால் வந்திருந்தார்.

நான். லிஃப்ட் கம்பெனி ஒன்றின் இரவுப் பணியிலிருந்து நின்று ஆறு வாரம். முன்னறை சோபாவில் குடியிருப்பு.

அத்தான், கைபேசி ஸ்பீக்கரில். வேலை விஷயமாக எப்போதும் வெளியூர். அவர் பேசுவதில் பாதிதான் கேட்கும்.

இந்தப் பட்டியலை அன்றே எழுதிவிட்டேன், அக்கா கொடுத்த நோட்டின் முதல் பக்கத்தில். அவள் அங்கே எழுதச் சொன்னது ‘இந்த மாத இலக்குகள்’. யார் யார் இருந்தார்கள் என்று குறித்துவைப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பின்னால் யாராவது கிளம்புவார்கள்.

அக்கா பையிலிருந்து ஐந்து நோட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள். நான்கு மெல்லியவை. அப்பாவுக்கு மஞ்சள் அட்டை, சாவியம்மாவுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு, அவளுக்கு நீலம். ஐந்தாவது தடித்தது, கறுப்பு. எதிலும் கோடு இல்லை. பக்கம் முழுக்கப் புள்ளிகள்.

“என்னம்மா இது, நோட்டுக்கு அம்மை போட்டிருக்கு?” என்றார் அப்பா.

“புல்லட் ஜர்னல்ப்பா.”

“புல்லட்டா? யாரைச் சுடப் போறே?”

“யாரையும் இல்ல. செய்ய வேண்டிய ஒவ்வொண்ணையும் ஒரு புள்ளி வெச்சு எழுதணும். முடிஞ்சா புள்ளி மேல பெருக்கல் குறி. முடியலைன்னா அம்பு போட்டு அடுத்த நாளுக்குத் தள்ளணும். மாத்திரை, நடை மாதிரி தினமும் செய்யறதுக்குக் கட்டம். செஞ்சா கட்டத்துல குறி. அவ்வளவுதான்.”

“தள்ளிப் போடறதுக்குக்கூட குறி வெச்சிருக்கான் பாரு. எங்க டிப்போவுல அதுக்குப் பேரு மெமோ.”

ஸ்பீக்கரில் அத்தான், “நல்ல ஐடியா மாமா, நான்கூட…” என்றார். மீதி கேட்கவில்லை.

எனக்கு நோட்டின் மேல் கண் போகவில்லை. அக்காவின் பையிலிருந்து எட்டிப் பார்த்த நீல உறையின் மேல் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றின் விண்ணப்பம். அக்கா எல்லாவற்றையும் பூர்த்தி செய்து வைத்திருந்தாள். அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

காரணம் இருந்தது. போன மாதம் ஒரு ஞாயிறு காலை அப்பாவுக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஞாயிறு, சுவர் கைக்கு எட்டவில்லை. குளியலறை வாசலில் விழுந்து முழங்கை கன்றிப்போனது. பிரஷர் மாத்திரையில் ஏதோ குளறுபடி என்று அக்கா முடிவு கட்டினாள். யாரோ கொடுக்க மறந்திருக்க வேண்டும், அல்லது இருமுறை கொடுத்திருக்க வேண்டும்.

“யார் மேலயும் சந்தேகம் இல்ல,” என்றாள். “யார் என்ன செஞ்சாங்கன்னு தெரிஞ்சா போதும்.”

சந்தேகம் இல்லாதவர்கள் ஐந்து நோட்டு வாங்குவதில்லை.

“நாலு வாரம்,” என்றாள். “ஆளுக்கொரு நோட்டு. ஞாயித்துக்கிழமை நான் நாலையும் பார்த்து, கறுப்பு நோட்டுல ஒண்ணா சேர்த்து எழுதிடுவேன். ஒரு வாரம், ஒரு பக்கம். பார்த்ததும் புரியும். இனிமே யாரும் எனக்கு வேலை நேரத்துல போன் பண்ணி இதைச் சொல்லு அதைச் சொல்லுன்னு சொல்ல வேண்டாம். எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. நாலு வாரம் முடிஞ்சு மறுபடி உக்காருவோம். இது நமக்குச் சரிப்படுமா இல்லையான்னு முடிவு பண்ணுவோம். சரிப்பட்டா அப்பா இங்கயே இருக்கட்டும். இன்னொரு தடவை விழுந்தார்னா என்னால தூங்க முடியாது. அங்க இருபத்தி நாலு மணி நேரமும் ஆள் இருக்காங்க.”

“ஆள் இருக்காங்க,” என்றார் அப்பா. “நான் இருப்பேனா?”

ஸ்பீக்கரில் அத்தான், “கேக்கலையே மாமா,” என்றார்.

அக்கா கைபேசியில் ஏதோ வீடியோவை நிறுத்தி, அதிலிருந்து கேள்வி படித்தாள். புல்லட் ஜர்னல் உங்களுக்கு ஏற்றதா என்று கண்டுபிடிக்க ஐந்து கேள்வியாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்க முடியுமா என்பது முதல் கேள்வி. அப்பா, “என் கிட்ட இருக்கிறது நிமிஷம் மட்டும்தான்,” என்றார். நான்காவதில்தான் பேச்சு நின்றது.

“ஒரு நாள் கட்டம் விட்டுப்போனா உங்களுக்கு உறுத்துமா?”

சாவியம்மா யோசித்தார். “விட்டுப்போனா விட்டுப்போச்சு. அன்னைக்கு நடக்கலைன்னு அர்த்தம். அதுக்கு ஏம்மா உறுத்தணும்?”

“எனக்கு உறுத்தும்,” என்றாள் அக்கா. “பக்கமே அசிங்கமா தெரியும்.”

எனக்கு நோட்டைப் பற்றி இவர்கள் எல்லாரையும்விட அதிகம் தெரியும்.

லிஃப்ட் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் ஜன்னல் கிடையாது. ஆறு திரை, ஒரு தொலைபேசி, ஒரு பதிவேடு. ஊரில் எங்கே லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டாலும் அவர்கள் பொத்தானை அழுத்தினால் எங்கள் மேசையில் மணி அடிக்கும். அடிக்காவிட்டால், அரை மணிக்கொரு முறை பதிவேட்டில் ‘அழைப்பு இல்லை’ என்று எழுத வேண்டும். பதினான்கு வரி. பணியில் சேர்ந்த முதல் வாரமே பழைய ஆள் ஒருவர் வழி காட்டிவிட்டார். வந்து உட்கார்ந்ததும் பதினான்கு வரியையும் எழுதிவிட வேண்டியது. பிறகு நிம்மதி. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

ஒரு நாள் ஒரு பெண் பன்னிரண்டாம் மாடிக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். நான் அழைப்பை எடுத்தேன். மெக்கானிக்கை அனுப்பினேன். அவன் போய்ச் சேர ஐம்பது நிமிஷம் ஆனது. பதிவேட்டில் அந்த நேரத்துக்கு நேராக ஏற்கெனவே ‘அழைப்பு இல்லை’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அடித்தால் அசிங்கமாக இருக்கும், ஏன் என்று கேட்பார்கள். விட்டுவிட்டேன். அவள் புகார் கொடுத்தாள். கம்பெனி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்று அவளுக்குக் கடிதம் எழுதியது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளை நம்பவில்லை, நோட்டை நம்பினார்கள். அடுத்த வாரம் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன். முன்கூட்டி எழுதிய பக்கத்தை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. ஏழு நாளைக்கு ஏழு மாதிரி கை இருக்கும். ஏழும் ஒன்று போல இருந்தால் அது ஒரே நாளின் கை.

என் சிவப்பு நோட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதில் எனக்கு மூன்று கட்டம்: இரவு எத்தனை மணிக்குத் தூங்கினேன், காலை எத்தனை மணிக்கு எழுந்தேன், மாலை ஐந்து மணிக்கு அப்பாவை வீட்டு வாசலில் உள்ள நடைபாதையில் பத்துச் சுற்று நடக்க வைத்தேனா. திங்கள் காலை உட்கார்ந்து வாரம் முழுவதையும் எழுதிவிட்டேன். பதினொன்று, ஆறு, பத்துச் சுற்று. நடுநடுவே பேனாவை மாற்றினேன், ஒரு நாளைக்கு ஒன்பது சுற்று என்று போட்டேன். அனுபவம். உண்மையில் விடியும்போதுதான் கண் அசரும், மதியம் ஒரு மணி வரை சோபாவில் கிடப்பேன். அப்பா ஐந்து மணிக்கு, “இன்னைக்கு வேண்டாம்டா,” என்றால் சரி என்று விட்டுவிடுவேன். கட்டத்தில்தான் குறி ஏற்கெனவே இருக்கிறதே.

முதல் ஞாயிறு அக்கா அதைப் படித்துவிட்டு என் தலையைத் தடவினாள். “பாத்தியா, எழுத ஆரம்பிச்சதும் தூக்கம் சரியாயிடுச்சு.”

கறுப்பு நோட்டை அன்று மாலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திறந்து பார்த்தேன். அழகான பக்கம். மேலே பூப்போட்ட காகித நாடா. நான்கு நிறத்தில் நான்கு பேரின் கட்டங்கள். பச்சை வரிசை சாவியம்மாவுடையது: காலை மாத்திரை, குளியல், கால் பயிற்சி. ஆறு நாளும் ஆறு குறி. ஒன்றுகூடக் காலியாக இல்லை. ஏழாவது நாள் ஞாயிறு, அக்காவின் நீலம். அன்று மாத்திரை கொடுப்பது அவள்.

இரண்டாவது வாரமும் அதே. ஆறு நாள், ஆறு குறி. மனிதர்கள் அப்படி இருக்க மாட்டார்கள்.

அந்த வாரத்திலிருந்து சாவியம்மாவை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். எட்டு மணிக்குச் சாவி திரும்பும் சத்தம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். அப்பாவின் அறையிலிருந்து பிரஷர் மெஷின் உறுமும் சத்தம், பிறகு காற்று இறங்கும் சத்தம். பிறகு இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் அப்பா, “எழுதிட்டியா?” என்பது கேட்டது. “எழுதிட்டேன் ஐயா,” என்றார் அவர். எதை? எனக்கு அதுவும் உதைத்தது. பச்சை நோட்டு எப்போதும் அவர் பையில் இருந்தது, பை எப்போதும் அவர் கண்ணெதிரே இருந்தது. சனிக்கிழமை கிளம்பும்போது மட்டும் மேசையில் வைப்பார். ஞாயிறு முழுக்க அது அக்காவின் கையில். திங்கள் காலை மறுபடி பைக்குள்.

தலை சுற்றியது இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, அன்று அவர் வருவதே இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதுவே சந்தேகத்தை வளர்த்தது. ஞாயிறு ஆள் விழுகிறார் என்றால் சனிக்கிழமை இவர் என்ன செய்துவிட்டுப் போகிறார்?

மூன்றாவது ஞாயிறு மாலை மாத்திரையை எண்ணினேன். நாங்கள் நோட்டு ஆரம்பித்த திங்களன்று பிரித்த அட்டை, இருபத்தெட்டு மாத்திரை. இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. ஏழு இருக்க வேண்டும். பன்னிரண்டு இருந்தது. கறுப்பு நோட்டில் இருபத்தோரு குறி.

ஐந்து நாள் மாத்திரை கொடுக்காமலே கொடுத்ததாகக் குறி போட்டிருக்கிறார்.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிவேடு எழுதுகிறவனைப் பிடிக்க வேண்டுமானால் பக்கம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டும். நான்காவது வாரம் தினமும் அவர் போனபிறகு எண்ணினேன். செவ்வாய் குறையவில்லை. வெள்ளி குறையவில்லை. சிவப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். முதல் பக்கப் பட்டியலை விட்டால், அந்த நோட்டில் நான் நடந்தபடி எழுதியது அது ஒன்றுதான்.

நான்காவது ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம். அதே ஆட்கள், அதே நாற்காலி. அத்தான் மட்டும் இல்லை, லைன் கிடைக்கவில்லை. அக்கா காலையிலேயே வந்து அப்பாவுக்கு மாத்திரை கொடுத்து, நான்காவது பக்கத்தையும் கறுப்பு நோட்டில் எழுதி முடித்திருந்தாள். விண்ணப்ப உறை மேசையின் மேலேயே கிடந்தது.

“எனக்கென்னவோ சரிப்படும்னுதான் தோணுது,” என்று ஆரம்பித்தாள். முகம் பிரகாசமாக இருந்தது. “நாலு வாரம், ஒரு கட்டம்கூட காலி இல்ல. அப்பா ஒரு தடவைகூட…”

“இதையும் சேர்த்துக்கோ,” என்று மாத்திரை அட்டையை மேசையில் போட்டேன்.

“என்னது?”

“எண்ணு.”

எண்ணினாள். “ஏழு.”

“இருபத்தெட்டு மாத்திரை, இருபத்தெட்டு நாள். நீ கொடுத்தது நாலு. மீதி இருபத்தி நாலும் இவங்க கொடுக்க வேண்டியது. நோட்டுல இருபத்தி நாலு குறி இருக்கு. அட்டையில ஏழு மாத்திரை மிச்சம் இருக்கு. என்னன்னு இவங்களையே கேளு.”

அக்காவின் கை தானாகவே விண்ணப்ப உறையின் மேல் போய் உட்கார்ந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

சாவியம்மா கோபப்படவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தனை நாளா எண்ணறீங்க தம்பி?”

“ஒரு வாரமா.”

“படுத்துக்கிட்டே எண்ணினீங்களா, எழுந்து வந்தா?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

“பதில் சொல்லுங்க,” என்றேன்.

அவர் மேசையில் கிடந்த பச்சை நோட்டை இழுத்து, பிரித்து அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார். “நான் எத்தனை குறி போட்டிருக்கேன்னு இதுல பாருங்க. அந்தக் கறுப்பு நோட்டை நான் தொட்டதே இல்ல.”

நான் எட்டிப் பார்த்தேன். கட்டங்கள் கோணல் மாணல். ஒரு நாள் பேனா, ஒரு நாள் பென்சில். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. நான்கு வாரத்தில் மாத்திரைக் கட்டம் ஏழு இடத்தில் காலி. ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் பக்கத்தில் பொடியாக ஓர் எண். 94. 96. 91. ஏழு நாளுக்கு ஏழு கை. முன்கூட்டி எழுதிய பக்கம் இல்லை. எனக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

“இதெல்லாம் என்ன?” என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

“பிரஷர். முதல் வாரம் புதன்கிழமை ஐயாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேனே. மேல இருக்கிற எண் நூறுக்குக் கீழ இருந்தா அன்னைக்கு மாத்திரை வேண்டாம், எண்ணை எழுதி வைங்கன்னு சொன்னாரு. முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன். புரட்டுங்க.”

அக்கா புரட்டினாள். இருந்தது. அடிக்கோடு போட்டு.

“என்கிட்ட ஏன் வாயால சொல்லல?”

“நீங்கதானேம்மா போன் பண்ண வேண்டாம், எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்கன்னு சொன்னீங்க.”

கறுப்பு நோட்டையும் பச்சை நோட்டையும் அக்கா அக்கம்பக்கமாக வைத்தாள். விரலை ஒவ்வொரு காலிக் கட்டமாக நகர்த்தினாள். விரல் ஐந்தாவது கட்டத்தில் நின்றது.

“நான்தான் நிரப்பினேன்,” என்றாள். “குறி போட மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். எண்ணெல்லாம் ஏதோ கிறுக்கல்னு… வரிசையில நடுவுல ஓட்டை ஓட்டையா இருந்தா பக்கமே நல்லா இல்ல. சும்மா…”

முடிக்கவில்லை. அப்பா மஞ்சள் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். “இதையும் பார்த்துடு. அதைத்தான் நீ திறக்கவே இல்லையே.”

திறக்கத்தான் செய்தாள், முதல் வாரம். அதில் அப்பா ஜன்னல் வழியாகத் தெரியும் பேருந்துகள் எத்தனை மணிக்குப் போயின என்று எழுதிவைத்திருந்தார். அதைக் கறுப்பு நோட்டில் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல், மஞ்சள் வரிசையில் சிரிக்கிற முகம் வரைந்துவிட்டாள். அதன் பிறகு திறக்கவில்லை. இப்போது இரண்டாவது வாரத்தில் பேருந்துகளுக்கு நடுவே ஒரு வரி இருந்தது: ‘ஞாயிறு. 9.40. தள்ளாட்டம். கட்டிலைப் பிடித்து நிறுத்தம். புகார் இல்லை.’ நான்காவது வாரத்தில் இன்னொன்று, அன்றைய தேதியில்: ‘9.25. லேசான தள்ளாட்டம். புகார் இல்லை.’

“இன்னைக்குமாப்பா?” என்றாள் அக்கா.

“நீ வந்த கையோட மாத்திரையைக் கொடுத்துட்டு நோட்டுல உக்காந்துட்டே. மெஷினைத் தொடல. ஞாயித்துக்கிழமை யாரும் மெஷினைத் தொடறதில்ல.”

“ஏன் சொல்லல?”

அப்பா விண்ணப்ப உறையைக் காட்டினார். “அதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. சொல்வேனா?”

சாவியம்மா எழுந்து உள்ளே போய் மெஷினை எடுத்துவந்தார். அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றினார். மெஷின் உறுமியது. நான்கு வாரமாகப் படுத்துக்கொண்டு நான் கேட்ட அதே சத்தம். எட்டடி தூரத்தில் கேட்டும், அது எதற்கு என்று ஒரு நாள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

“தொண்ணூத்தி மூணு,” என்றார். பச்சை நோட்டில் எழுதினார். பிறகு டாக்டரின் எண்ணை அக்காவின் கைபேசியில் போட்டுக் கொடுத்தார். அக்கா பால்கனியில் நின்று ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. நாளையிலிருந்து மாத்திரையில் பாதிதான், இன்று அப்பாவைத் தனியாக எழுந்து நிற்க விடக்கூடாது, வியாழக்கிழமை அந்த எண்களோடு வந்து பார்க்க வேண்டும், எழுதிவைத்தவர் நல்ல காரியம் செய்தார் என்றாராம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. நானும் அப்படித்தான் நினைத்து, எழுந்திருக்கப் பார்த்தேன்.

“உக்காருங்க தம்பி,” என்றார் சாவியம்மா. “மூணு நோட்டு பார்த்தாச்சு. சிவப்பு பாக்கி.”

“அதுல என்ன இருக்கு? தூக்கம்தான்.”

“ஐயாவோட நடையும் இருக்கே.”

அக்கா கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க வழியில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பதினொன்று, ஆறு, பத்துச் சுற்று. நான்கு வாரம் முடிந்தது. தாளைத் திருப்பினாள். ஐந்தாவது வாரமும் இருந்தது. சனிக்கிழமையே எழுதிவிட்டிருந்தேன். கைப்பழக்கம்.

“புதன்கிழமை பத்துச் சுற்று நடந்தாச்சுன்னு போட்டிருக்கே,” என்றாள் மெதுவாக.

நோட்டை வாங்கக் கையை நீட்டினேன்.

“டேய். புதன்கிழமை இன்னும் வரவே இல்லையேடா.”

அப்பா தொண்டையைச் செருமினார். “டிப்போவுல ஒரு டிரைவர் இருந்தான். வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே திரும்பி வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவான். ஒரு நாள் வண்டி பாதி வழியில நின்னுபோச்சு. வண்டி அங்க நிக்குது, நோட்டுல இங்க வந்துடுச்சு. அவனைக் கூப்பிட்டு, எந்த வண்டில வந்தேன்னு கேட்டேன்.” என்னைப் பார்த்தார். “நான் கடைசியா எப்படா நடந்தேன்?”

“செவ்வாய்.”

“அதுக்கு முன்னாடி?”

ஞாபகம் இல்லை. நோட்டில் இருப்பது என் ஞாபகத்துக்கு உதவாது.

சாவியம்மா வளையத்தை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று சாவியும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. “மூணு வீட்டுல வேலை செய்யறேன். மத்த ரெண்டு வீட்டுல யாரும் என் முதுகுக்குப் பின்னாடி எதையும் எண்ணறதில்ல. கேக்கணும்னா முகத்தைப் பார்த்துக் கேக்கறாங்க. நான் ஐயாவைக் குளிப்பாட்டறேன், மாத்திரை கொடுக்கறேன், முன்னறையில ஒருத்தர் தூங்கற மாதிரி படுத்துக்கிட்டு என்னைக் கவனிச்சுக்கிட்டு இருக்காரு. இது எனக்கு ஒத்து வராது. நான் இருக்கணும்னா, நான் இருக்கிற நேரத்துல இவர் இருக்கக் கூடாது. இல்லைன்னா நம்ம வீட்டுச் சாவியைக் கழட்டிக்கோங்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா யோசிக்கவே இல்லை.

“இந்தம்மா போனா நாளைக்கே அந்த உறையில நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான். நீ போனா சோபா காலி.”

“எங்கப்பா போவேன்?”

“எட்டிலிருந்து ரெண்டு வரைக்கும்தானே. எங்கயாவது போ. வேலை தேடு. தேடாம பார்க்ல உக்காரு. ரெண்டு மணிக்கு வந்து என்னை நடக்க வை. நடந்தப்பறம் எழுது.”

நோட்டின் கதையும் அங்கேயே முடிவானது. கறுப்பு நோட்டை அக்கா தன் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் வைத்துத் தன் சொந்த விஷயங்களை அதில் எழுதிக்கொள்வாளாம். பூப்போட்ட நாடா நிறைய மிச்சமிருக்கிறது. இந்த வீட்டுக்குப் பச்சை மட்டும் போதும் என்றார் அப்பா. ஞாயிறு அக்காவும் அதிலேயே எழுத வேண்டும், முதலில் எண், பிறகு மாத்திரை. அக்கா தன் நீல நோட்டைத் திறந்தாள். அதில் ஒரு புள்ளி வைத்து ‘இல்லம்: அப்பா கையெழுத்து’ என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் ஓர் அம்பு போட்டாள். தள்ளிவைத்திருக்கிறாள், அடிக்கவில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை.

எனக்குச் சரிப்படுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் நடப்பதற்கு முன்னால் எழுதுகிறவன், அக்கா நடந்து முடிந்து நாலு நாள் கழித்து எழுதுகிறவள். எங்கள் இருவர் கையிலும் அந்த நோட்டு ஆபத்து. சிவப்பு நோட்டின் ஐந்தாவது வாரத்தைக் கிழித்தேன். மீதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. தலையணைக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் திங்கள். ஏழரைக்கே அப்பா குரல் கொடுத்துவிட்டார். விடிந்த பிறகுதான் கண்ணை மூடியிருந்தேன். முகம் கழுவி, சட்டையை மாட்டி, ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தபோது வெளியே வளையம் குலுங்கியது. கதவு திறந்தது. சாவியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பையைச் சோபாவின் மேல், நான் படுத்திருந்த சூடு ஆறுவதற்கு முன்னால், வைத்தார்.

“சாப்பிட்டீங்களா தம்பி?”

“இல்ல.”

“வெளிய சாப்பிடுங்க. ரெண்டு மணிக்கு வாங்க. அதுக்கு முன்னாடி மணி அடிச்சா திறக்க மாட்டேன்.”

“என்கிட்டயும் சாவி இருக்கு.”

கையை நீட்டினார். ஒரு கணம் நின்றேன். பிறகு கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார். நான்கு சாவி.

“இன்னும் கிளம்பலையா அவன்?” உள்ளேயிருந்து அப்பா. “எட்டு நாலு ஆச்சு. நாலு நிமிஷம் லேட்டு. எழுதிக்கோம்மா.”

“போனப்பறம் எழுதறேன் ஐயா,” என்றார் சாவியம்மா.

நான் நடைபாதைக்கு வந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி ஒரு முறை திரும்பியது. பிறகு இன்னொரு முறை.